அவையும் அறையும்

சிற்றிதழ் ஒன்றுக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பணியில் நாங்கள் ஐவர். ஐவரும் ஐந்து ஊர்களில் இருப்பதால், கல்லூரி முடிந்த மாலைகளில் பேச்செல்லாம் கைபேசி வழியேதான். ஸ்லாக்கா, சிக்னலா என்ற வினா எழுந்தபோது, இது வசதி பற்றிய விவாதம் என்றே முதலில் எண்ணினோம்.

ஸ்லாக் நினைவு வைத்திருப்பதற்கென ஆக்கப்பட்டது. தலைப்புவாரியான பேச்சு, கோப்புகள், பழையதைத் தேடியெடுக்கும் வசதி என ஓர் அலுவலக ஒழுங்கு அதில் உண்டு. ஆயினும் அனுப்புநர் முதல் பெறுநர் வரை பூட்டிச் செல்லும் மறையாக்கம் அதில் இல்லை. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஊழியர்களின் தனிமடல்களையும் நிறுவனம் எடுத்துப் படிக்கலாம். இலவசக் கணக்கிலோ 90 நாட்களுக்கு முந்தைய பேச்சு கண்ணில் படாது. ஓராண்டைக் கடந்தவை 2024 முதல் அழிக்கப்படுகின்றன. அந்த நினைவும் வாடகை நினைவே.

சிக்னல் மறதிக்கு இடம் தருவது. அதை நடத்தும் அறக்கட்டளையாலும் நம் மடலைப் படிக்க இயலாது. 2016இல் அமெரிக்காவில் சட்டப்படி ஒரு கணக்கின் விவரம் கேட்கப்பட்டபோது, கணக்கு தொடங்கிய நாளும் கடைசியாக இணைந்த நாளுமே அவர்களால் தர முடிந்தவை.

எனில் எல்லாவற்றையும் அங்கேயே பேசலாமே என்றார் நண்பர். 2025 மார்ச்சில் யெமன் மீதான தாக்குதலைப் பற்றி அமெரிக்க அரசின் உயர்பொறுப்பினர் சிக்னலில் பேசிய குழுவில், தி அட்லாண்டிக் இதழின் ஆசிரியர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். பூட்டில் பழுதில்லை, கதவைத் திறந்தது மனிதக் கை. அதனினும் நம்மை உறுத்துவது, ஆவணமாக நிற்க வேண்டிய அரசுப் பேச்சு தானே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தமைதான்.

ஆகவே இரண்டையும் வைத்துக்கொண்டோம். ஒரு கவிதையை ஏன் ஏற்றோம், ஏன் மறுத்தோம் என்பது அவைக்குரியது. அது ஸ்லாக்கில் இருக்கும்; மாதந்தோறும் எங்கள் கோப்பிலும் ஏறும். தயங்கித் தயங்கிச் சொல்லும் முதற்கருத்து, வீட்டுத் துயர், மனச்சோர்வு ஆகியவை அறைக்குரியவை.

இதில் ஓர் அபாயமும் உண்டு. அறையில் மூவர் பேசி முடித்துவிட்டு அவையில் அறிவிப்பது எளிது. அந்நிலையில் மறையாக்கம் காப்பது அந்தரங்கத்தை அன்று, அதிகாரத்தை. எனவே முடிவுகளை அவையிலேயே எடுப்பது என உறுதிகொண்டோம். கவிதையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் முகமறியா இளைஞருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.