நெசவாளி வீட்டுச் சேலை என்னும் பொய்

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு எல்லாரும் தவறாமல் சொல்லி அனுப்பும் யோசனை ஒன்று உண்டு. "கடைக்குப் போகாதே, நெசவாளி வீட்டுக்கே போய் வாங்கு. அசலாகவும் இருக்கும், விலையும் பாதிதான்." கல்யாண வீட்டில் பெரியம்மா சொல்கிறார், அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் சொல்கிறார். கோலாலம்பூரிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் முகூர்த்தச் சேலைக்காக வருகிறவர்களுக்கு உறவினர்கள் போனிலேயே சொல்லிவிடுகிறார்கள். கேட்கிறவர்களும் அதை நெசவாளிக்குச் செய்யும் உதவியாக நினைத்துச் சந்தோஷப்படுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. காஞ்சிபுரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களைக் குறிவைத்து நடக்கும் ஏமாற்று வேலைக்கு மூலதனமே இதுதான்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சென்னையிலிருந்தோ மாமல்லபுரத்திலிருந்தோ காலையில் கிளம்பும் வேன், ஏகாம்பரநாதர் கோயிலையும் காமாட்சியம்மன் கோயிலையும் பார்த்து முடிப்பதற்குள் பன்னிரண்டு மணியாகிவிடும். பெரும்பாலான கோயில்களில் நண்பகலோடு நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மாலை நாலு மணி ஆகும். வரதராஜப் பெருமாளை இன்னும் சேவிக்கவில்லை, தங்கப் பல்லியைத் தொடவில்லை. நடுவில் நாலு மணி நேரம், வெயில், கையில் காசு, குடும்பத்தில் ஒரு கல்யாணம். இந்த நேரத்தில்தான் ஆட்டோக்காரரோ வேன் டிரைவரோ கோயில் வாசலில் பேச்சுக் கொடுத்தவரோ, "காந்தி ரோடு கடைக்கெல்லாம் போகாதீங்க மேடம், வாடகை, ஏசி, விளம்பரம் எல்லாத்தையும் உங்க தலையிலதான் கட்டுவாங்க. நமக்குத் தெரிஞ்ச நெசவுக்காரர் வீடு இருக்கு, தறியைப் பாருங்க, பிடிச்சா எடுங்க, இல்லன்னா வந்துடலாம்" என்கிறார். அவர் புதிதாக எதையும் நம்பவைக்க வேண்டியதில்லை. பெரியம்மா ஏற்கெனவே நம்பவைத்து அனுப்பியிருக்கிறார்.

கூட்டிப்போகும் இடத்தில் ஒரு தறி இருக்கும். அதில் ஒருவர் உட்கார்ந்து நாலு இழை ஓட்டிக் காட்டுவார். ஜக்கார்டு அட்டை மேலே ஏறி இறங்கும். குழந்தைகள் படம் எடுப்பார்கள். பிறகு பக்கத்து அறையில் பாய் விரித்து, அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார்கள். தறியைக் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு சேலையைப் பற்றிக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கேட்க வேண்டிய முதல் கேள்வி எளிமையானது: ஒரே ஒரு தறி இருக்கும் வீட்டில் இருநூறு சேலைகள் எங்கிருந்து வந்தன? கோர்வைச் சேலை நெய்யப் பத்து நாள் முதல் இருபது நாள் வரை ஆகும். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா, கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் ஓர் ஆள், முந்தானையின் நிறம் மாறும் இடத்தில் பாவு இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கும் வேலை என்று அது நகர்கிற வேகமே அவ்வளவுதான். மாதத்துக்கு மூன்று சேலை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், வருடத்துக்கு முப்பத்தாறு. இருநூறு சேலை நெய்ய அந்தத் தறி ஐந்தரை வருடம் ஒரு நாள் ஓய்வில்லாமல் ஓடியிருக்க வேண்டும். ஒரு தறியில் ஏற்றும் பாவு பெரும்பாலும் மூன்று சேலைக்கு வரும். அந்த மூன்றும் ஏறக்குறைய ஒரே நிறக் குடும்பம். அலமாரியிலோ நாற்பது நிறம் இருக்கிறது. அப்படியென்றால் அது கடை. தறி வைத்திருக்கும் கடை. காந்தி ரோட்டுக் கடைக்காவது பெயர்ப் பலகை உண்டு, நாளைக்குப் போய்க் கேட்க ஒரு முகவரி உண்டு.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. காஞ்சிபுரத்தில் பெரும்பாலான நெசவாளிகளுக்குத் தாங்கள் நெய்யும் சேலை சொந்தமில்லை. பிள்ளையார்பாளையத்திலோ சுற்றுவட்டாரக் கிராமங்களிலோ தறி ஓட்டுகிறவர் கூலிக்கு நெய்கிறார். பட்டு நூலும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கம் கொடுக்கும், அல்லது முதலாளி கொடுப்பார். எடை போட்டுக் கொடுத்ததை, நெய்து முடித்த பின் எடை போட்டே திரும்ப வாங்குவார்கள். பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து. அவற்றை ரொக்கம் கொடுத்து வாங்கி, சேலை விற்கும் வரை காத்திருக்கும் வசதி கூலி நெசவாளிக்கு இல்லை. அவரிடம் இருப்பது தறியும் கைத்திறனும். அவர் வீட்டிலிருந்து ஒரு சேலை வழியில் வருகிற யாருக்கோ விற்கப்படுகிறது என்றால், அது அடுத்தவர் சரக்கு என்றாகிவிடும். பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் பிரகாஷ் ராஜ் நடித்த நெசவாளி, மகளுக்கு ஒரு பட்டுச் சேலை நெய்ய முதலாளியின் நூலைத் திருடுகிறான். கதை நடப்பது சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில். அந்தப் படத்தைப் பார்த்து அழுத நாம்தான், நெசவாளி வீட்டில் அலமாரி நிறையச் சேலை இருக்கும் என்றும் நம்புகிறோம். இரண்டும் எப்படி ஒரே மனதில் இருக்க முடிகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

விலையைப் பார்ப்போம். அசல் ஜரிகை என்பது பட்டு இழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. பட்டு நூலும் கிலோ பல ஆயிரம் ரூபாய். "தறி விலை, ஆறாயிரம்தான், அசல் ஜரிகை" என்று ஒரு கனமான கரைச் சேலையை நீட்டும்போது, அந்த ஆறாயிரத்துக்குள் நூல் விலை எங்கே, ஜரிகை விலை எங்கே, இரண்டு வாரம் உட்கார்ந்து நெய்தவருக்குக் கூலி எங்கே, உங்களைக் கூட்டிவந்தவருக்குக் கமிஷன் எங்கே என்று கணக்குப் போட வேண்டும். கமிஷன் மட்டும் எப்படியும் அதற்குள் இருக்கும். மிச்சமெல்லாம் இருக்க இடமில்லை. ஆகவே அந்த ஜரிகை செம்புக் கம்பி அல்லது பிளாஸ்டிக் இழை. சேலை வெளியூர் விசைத்தறியில் ஓடியது. பட்டாவது பட்டா என்பதும் சந்தேகம்.

இங்கே வழக்கமாக ஒரு நிரூபணம் நடக்கும். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் கொளுத்துவார்கள். முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். பார்க்கிறவர்கள் அசந்துவிடுவார்கள். கொளுத்திய நூல் பட்டுதான், சரி. அது நீங்கள் எடுக்கும் சேலையிலிருந்து வந்ததா? அப்படியே வந்திருந்தாலும், ஜரிகையைப் பற்றி அந்தச் சாம்பல் என்ன சொல்கிறது? கைத்தறியா விசைத்தறியா என்று என்ன சொல்கிறது? எதுவுமே சொல்லாது. 2004-இல் வந்த சில்க் மார்க் முத்திரையைப் பற்றியும் இதே குழப்பம் இருக்கிறது. அந்த முத்திரை, பட்டு சுத்தமான பட்டு என்பதற்கு மட்டும் உத்தரவாதம் தருகிறது. ஜரிகைக்கு அது பொறுப்பில்லை, காஞ்சிபுரத்தில் நெய்தது என்பதற்கும் பொறுப்பில்லை. ஜரிகையைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். செம்பா பிளாஸ்டிக்கா என்பதை அது ஓரளவு காட்டிக்கொடுக்கும். வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பதைக் கருவியில் வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஏமாந்து திரும்புகிறவர்களைப் பற்றி ஊரில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: "மலிவுக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான்." இந்தத் தீர்ப்பு எனக்கு ஆத்திரமூட்டுகிறது. பாங்காக்கில் அரண்மனை வாசலில் ஒருவர் மரியாதையாக வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது" என்று சொல்லி டுக்டுக்கில் ஏற்றி, ஒரு புத்தர் கோயிலைக் காட்டி, கடைசியில் ரத்தினக் கடையில் இறக்கிவிடுவது உலகம் அறிந்த மோசடி. அங்கே இழுப்பது லாபம். இந்தக் கல்லை ஊருக்குக் கொண்டுபோய் இரண்டு மடங்குக்கு விற்கலாம் என்பார்கள். காஞ்சிபுரத்தில் இழுப்பது அது மட்டும் இல்லை. நெய்தவர் கையில் காசு சேரட்டும், நடுவில் இருக்கிறவர்களுக்குப் போக வேண்டாம் என்ற நல்ல எண்ணமும் சேர்ந்தே அவர்களை அந்த வாசல்படி ஏறவைக்கிறது. கிழவர் தறியில் குனிந்திருப்பதைப் பார்த்து, பேரம் பேசக் கூச்சப்பட்டு, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய இரக்கத்தைத்தான் திருடியிருக்கிறார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது திருடனுக்கு வக்காலத்து வாங்குவது.

அந்தக் காசு நெசவாளிக்குப் போகவில்லை என்பது மட்டும் அவருக்கு நேரும் நஷ்டம் இல்லை. முறையாகக் கூலி கொடுக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் சேலை பதினெட்டாயிரம், இருபதாயிரம் என்று சீட்டுப் போட்டு விற்பனை நிலையத்தில் தொங்குகிறது. ஆறாயிரத்துக்கு 'தறி வீட்டில்' வாங்கி வந்தவர் அதைப் பார்த்து, "சங்கத்திலேயே கொள்ளையடிக்கிறார்கள்" என்று பத்துப் பேரிடம் சொல்கிறார். சங்கத்தில் சரக்குத் தேங்கினால் அடுத்த பாவு கொடுப்பது தள்ளிப்போகும். பாவு இல்லாவிட்டால் தறி நிற்கும். நின்ற தறியிலிருந்து எழுந்து ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிற பிள்ளைகள் திரும்பத் தறிக்குழிக்கு வருவதில்லை. போலிச் சேலை ஒன்று விற்கும்போது ஒரு குடும்பம் ஏமாறுவதோடு அது நிற்பதில்லை. உண்மையான விலை என்ன என்ற அறிவே சந்தையிலிருந்து அழிகிறது.

சொந்தமாக நூல் வாங்கி நெய்து தாமே விற்கும் நெசவாளிகளே கிடையாதா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். குறைவுதான், ஆனால் இருக்கிறார்கள். அவர்களிடம் தயாராக இருப்பது ஐந்தாறு சேலை. பெரும்பாலும் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும், நிறம் தேர்ந்தெடுத்துக் காத்திருக்க வேண்டும். அவர்கள் கோயில் வாசலுக்கு ஆள் அனுப்புவதில்லை. ஆட்டோக்காரர் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்றும் ஒரு பேச்சு எழும். சவாரிக்கு நியாயமான வாடகையை மகிழ்ச்சியோடு கொடுப்போம். மூன்று கிலோமீட்டருக்குச் சொற்ப வாடகை வாங்கிக்கொண்டு, மீதியை நாம் வாங்கும் சேலையின் விலைக்குள் ஒளித்துவைத்து வாங்குவதைப் பிழைப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சட்டம் இல்லாத குறை ஒன்றும் இல்லை. காஞ்சிபுரம் பட்டு 2005-06-லேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. அந்தப் பெயரைப் பொய்யாக ஒட்டி விற்றால் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஏமாந்தவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு பெரிய வசதி செய்துகொடுத்திருக்கிறது: காஞ்சிபுரத்துக்கு அலைய வேண்டாம், தான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டும் புகார் சொல்லலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் கையில் ஒரு ரசீது வேண்டும். தறி வீட்டில் கிடைக்காத ஒரே பொருள் அதுதான். "ரசீது போட்டால் வரி சேரும் மேடம், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்பார்கள். பட்டு, ஜரிகையின் ரகம், கைத்தறி என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்ட ரசீது தராத இடத்தில், தறி எவ்வளவு அழகாக ஓடினாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடமும் அறநிலையத் துறையிடமும் கேட்பது பெரிய காரியம் இல்லை. பாங்காக் அரண்மனை வாசலிலேயே, அறிமுகமில்லாதவர் பேச்சை நம்பாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராஜர் கோயில்களின் வாகன நிறுத்தங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஆங்கிலம் என்று ஐந்து மொழியில் ஒரு பலகை வைக்கலாம். நடை திறக்கும் நேரம், கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்களின் முகவரி, ஜரிகையைச் சோதிக்கும் இடம், ரசீதில் இருக்க வேண்டிய மூன்று விவரங்கள், 1915. கூடவே ஒரு வரி: காஞ்சிபுரத்தில் பெரும்பாலான நெசவாளிகள் கூலிக்கு நெய்கிறார்கள், அவர்கள் வீட்டில் விற்பனைக்குச் சேலை இருக்காது. இதற்குப் புதுச் சட்டமோ தனி நிதியோ தேவையில்லை. அடுத்த முகூர்த்த மாதம் தொடங்குவதற்குள் அந்தப் பலகைகள் அங்கே நிற்க வேண்டும்.