சங்கிலியை அறுத்தது உருண்டையா?

அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1994ஆம் ஆண்டு மே வரை ஃபாக்ஸ் தொலைக்காட்சியார் 27 பகுதிகளாகக் காட்டிய 'பிரிஸ்கோ கவுண்டி ஜூனியரின் சாகசங்கள்' என்னும் தொடரை நம் இளைஞர் சிலர் இன்றும் வானளாவப் புகழ்கின்றனர். குதிரை, துப்பாக்கி, கொள்ளைக்கூட்டம் என்னும் பழஞ்சரக்கோடு விஞ்ஞானத்தையும் கலந்து தந்ததால் அது பகுத்தறிவுக்குத் துணைசெய்யும் கதை என்பது அவர்தம் வாதம். அதில் பாதி மெய், பாதி மயக்கம்.

மெய்யை முதலிற் சொல்லிவிடுவோம். கதை நிகழ்வது 1893இல். நாயகன் ஹார்வர்டில் சட்டம் பயின்றவன். தந்தையைக் கொன்ற கூட்டத்தைத் தேடியலைபவன். வரப்போகும் புதுமை யாது என்பதே அவனது ஓயாத வினா. பேராசிரியர் விக்வயர் இருப்புப்பாதையின்மேல் ராக்கெட்டையே ஓட விடுகிறார். கறுப்பினத்தவரான லார்ட் போலர் ஏவலாளாக அன்றி, முதலிற் போட்டியாளராகவும் பின்னர்த் தோழராகவும் சமமாய் நிற்கிறார். புரூஸ் கேம்பெல்லின் நடிப்பைக் கண்டு நகையாதவன் கல்நெஞ்சனே.

நிற்க. அந்த உருண்டைக்கு வருவோம். கோல்கள் செருகிய உருண்டையொன்று; கோலை உருவியவனுக்கு அசுரபலம் தருவது; வருங்காலத்திலிருந்து வந்ததாம்! தாயத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? சாமியார் கொடுத்தால் மந்திரம், வருங்காலத்தார் கொடுத்தால் விஞ்ஞானமோ? ராக்கெட்டுக்குக் காரணகாரியம் உண்டு. வெடித்தால் இன்னதனால் வெடித்தது என்று கூறலாம். உருண்டையிடம் கேள்வி கேட்பாரில்லை. வியப்பார் மட்டுமே உளர்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. முதற் பகுதியில் அதனைத் தோண்டியெடுப்போர் சங்கிலியிடப்பட்ட சீனத் தொழிலாளர். உருண்டையால் பலம் வருகிறது, சங்கிலி தெறிக்கிறது. அவ்வளவே! கதை அவர்களை விட்டுவிட்டு உருண்டையின் பின்னே ஓடுகிறது. பிரிஸ்கோவைக் கூலிக்கு அமர்த்துவோரோ, சான் பிரான்சிஸ்கோவின் பெருமுதலாளிகள் கூடிய கழகத்தார்!

அந்நாட்டுச் சீனத் தொழிலாளர் உண்மையிற் செய்தது என்ன? 1867ஆம் ஆண்டு ஜூன் மாதம் சியரா நெவாடா மலையில் இருப்புப்பாதைக்காகப் பாறை குடைந்த ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே வேலையை நிறுத்தினர். மாதச் சம்பளம் 35 டாலர் 40 ஆக வேண்டும், சுரங்க வேலைநேரம் குறைய வேண்டும், கேட்டவை இவையே. சென்ட்ரல் பசிபிக் ரயில்வே முதலாளிகளுள் ஒருவரான சார்லஸ் கிராக்கர் அவர்களுக்கு உணவு செல்லாமல் தடுத்தார். ஒரு வாரத்தில் பட்டினி வென்றது. 1869இல் பாதை முடிந்தது. 1882இல் சீனத் தொழிலாளர் அந்நாட்டில் நுழையலாகாதென்று சட்டம் பிறந்தது. ஏற்கெனவே குடியிருந்தவரும் அடையாளச் சீட்டுப் பெற்றாக வேண்டுமென்று 1892இல் இன்னொரு சட்டம். மறு ஆண்டே நம் நாயகன் உல்லாசமாய்க் குதிரையேறித் திரிகிறான்!

"விளையாட்டுக் கதைக்கு இத்துணை ஆராய்ச்சியா?" என்பர் பட்டணத்து நண்பர். கூலி உயர்வு கேட்டால் அரிசி நின்றுவிடும் என்னும் அச்சத்தில் வளர்ந்த தோட்டத்து மக்களுக்கு இது விளையாட்டன்று, ஐயா! வானத்து உருண்டைக்குக் காத்திருப்பவன் சங்கத்திற்குச் சந்தா கட்டுவானா?

அத்தொடர் முடிந்து 20 ஆண்டுகள் சென்றபின், 2014இல், அமெரிக்கத் தொழில் இலாகா அந்தச் சீன ரயில்வேத் தொழிலாளரைத் தன் மரியாதைக் கூடத்தில் சேர்த்தது. நம் இளைஞர் அடுத்த முறை அத்தொடரைப் புகழ எழும்போது, அந்த 5 டாலர் கதையையும் உடன் சொல்லட்டும். அதன்பின் ராக்கெட்டைப் பற்றிப் பேச நாமும் ஆவலாய் இருக்கிறோம்.