முதல் மிடறு நீருக்கு முன்

பன்னிரண்டு கபால நரம்புகளின் பெயர்களையும் வரிசை பிறழாமல் ஒப்பிக்கத் தெரியாத மருத்துவ மாணவர் அரிது. ஆயினும் கடைசி நான்கு நரம்புகளைப் பற்றிய அறிவு வாய்மொழித் தேர்வோடு நின்றுவிடுகிறது. நோயாளியின் படுக்கையருகே அது வந்து சேர்வதில்லை. இதனால் வரும் கேட்டை அனுபவிப்பவர்கள் பக்கவாத நோயாளிகள்.

ஒன்பதாவதான நாத்தொண்டை நரம்பு தொண்டையின் உணர்வைச் சுமக்கிறது. பத்தாவதான வேகஸ் அண்ணத்தையும் தொண்டையையும் குரல்நாண்களையும் இயக்குகிறது. பதினொன்றாவது கழுத்தைத் திருப்பவும் தோளை உயர்த்தவும், பன்னிரண்டாவது நாக்கை அசைக்கவும் உதவுகின்றன. நாம் ஒரு மிடறு நீர் அருந்தும்போது நாக்கு நீரைப் பின்தள்ள, அண்ணம் மூக்கு வழியை அடைக்க, குரல்வளை மேலெழுந்து மூச்சுக்குழலை மூட வேண்டும். இந்த ஒழுங்கு குலைந்தால் நீர் நுரையீரலை நோக்கிச் செல்லும். அதன் விளைவு நிமோனியா.

1895-இல் அடோல்ஃப் வாலன்பெர்க் விவரித்த முகுளப் பக்கவாட்டு நோய்க்குறித் தொகுதியை நினைவுகூர்க. தலைசுற்றல், குரல் கம்மல், விக்கல், விழுங்க இயலாமை ஆகியன அதில் தோன்றும். கைகால்களின் வலிமையோ பெரும்பாலும் குறைவதில்லை. கைகால் நன்றாக இருக்கிறதே என்று உறவினர் ஆறுதல் கொள்ளும் அந்நோயாளிக்கு ஒரு குவளைத் தண்ணீரே ஆபத்தாகலாம். மயங்கியவர் வாயில் நீர் வார்ப்பதை அன்பின் முதற்செயலாகக் கருதும் நாடு நம்முடையது. மருத்துவமனையிலும் உணவூட்டுபவர் பெரும்பாலும் உறவினரே. அவரைத் தடுத்து விளக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

குமட்டல் அனிச்சையைச் சோதித்தால் போதாதா எனச் சிலர் கேட்பர். போதாது. நலமுள்ளோர் பலரிடம் அது காணப்படுவதில்லை; அது இருப்பதாலேயே ஒருவர் பாதுகாப்பாக விழுங்குவார் என்றும் சொல்ல இயலாது. விழுங்கலைச் சோதிக்க விழுங்கச் செய்தே பார்க்க வேண்டும். நோயாளியை நிமிர்த்தி அமர்த்தி, விழிப்புடன் உள்ளாரா எனக் கண்டு, சிறிதளவு நீர் கொடுத்து, இருமலும் குரல் மாற்றமும் வருகின்றனவா எனக் கவனிப்பது எளிய தொடக்கம். தொண்டையின் உணர்வு மழுங்கியவரிடம் இருமலே இன்றி நீர் உட்புகலாம். ஆகையால் ஐயத்திற்குரியோரைக் கதிர்ப்படச் சோதனைக்கோ உள்நோக்கிச் சோதனைக்கோ அனுப்ப வேண்டும்.

இதற்குரிய வல்லுநர்கள் எல்லா ஊர்களிலும் இல்லையே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து, 2011-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு வழிகாட்டுகிறது. காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்கல் ஆகிய மூன்றையும் செவிலியர் முறைப்படி கவனித்தபோது, 90 நாள்களுக்குப்பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோருமாகிய தொகை 58 விழுக்காட்டிலிருந்து 42 ஆகக் குறைந்திருந்தது. அப்பலன் மூன்றும் சேர்ந்து தந்தது. விழுங்கல் சோதனைக்கு மட்டும் உரியதன்று. எனினும் பயிற்சி பெற்ற செவிலியரால் இப்பணி இயலும் என்பதற்கு அது சான்று.

எனவே என் கோரிக்கை சிறியது. செய்முறைத் தேர்வில் நரம்பின் பெயரைக் கேட்கும் ஆசிரியர், 'இவருக்கு இப்போது தண்ணீர் கொடுக்கலாமா?' என்றும் கேட்கட்டும். சோதனை முடியும்வரை மாத்திரை உட்பட எதையும் வாய்வழி கொடுக்கலாகாது என்னும் விதி ஒவ்வொரு பக்கவாதப் படுக்கையின் தலைமாட்டிலும் எழுதப்படட்டும்.