காவிய மரக்கால்

அஞ்செட்டி மலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் கலிங்கத்துப் பரணியைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தோம். பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, இது சரித்திரமா, கதையா?" என்று கேட்டான். கேள்வி சிறியதுதான், ஆனால் விடை சொல்ல நாம் கான்ஸ்டான்டிநோபிள் நகரம் வரை போய்வர வேண்டியதாயிற்று.

முதற் குலோத்துங்கன் 1070-ல் சோழ சிங்காதனம் ஏறியவன். அவன் காலத்திலேயே, 1081 முதல் 1118 வரை, கான்ஸ்டான்டிநோபிளில் ஆட்சி புரிந்தவன் அலெக்ஸியஸ் சக்கரவர்த்தி. அவன் சரித்திரத்தை எழுதியவள் அவன் மகள் அன்னா கொம்னேனா. ஹோமர் மகாகவியின் 'இலியட்' காவியத்தை நினைவூட்டும்படி, தன் நூலுக்கு அவள் 'அலெக்ஸியட்' என்று பெயரிட்டாள். 1081-ல் டிராக்கியம் யுத்தத்தில் தந்தை நார்மானியரிடம் தோற்றதை அவள் மறைக்கவில்லை. ஆயினும், தோற்று ஓடும் அரசன் அவள் எழுத்திலே பகைவர் ஈட்டிகளுக்குத் தப்பிக் குதிரையோடு பாறைமேல் தாவும் காவிய வீரனாகிவிடுகிறான்!

நம் செயங்கொண்டாரும் இவ்வழியே சென்றார். கலிங்கத்துக்குப் படை நடத்திச் சென்றவன் கருணாகரத் தொண்டைமான். ஆனால் பரணிக்குத் தலைவன் குலோத்துங்கனே. பாரதப் போர் முடித்த திருமாலே அவனாக அவதரித்தான் என்கிறார் புலவர்.

இவற்றைப் பொய்யென்று தள்ளிவிடலாமா? கூடாது. ஓர் அரசனின் பெருமையை அளக்க அக்காலத்தார் கையில் இருந்த மரக்கால் காவியமே. மரக்காலைத் தெரிந்துகொண்டால், அளந்த தானியம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். அன்னா மறைக்காத தோல்வியும், செயங்கொண்டார் மறைக்காத தளபதியின் பெயரும் சரித்திரத்துக்கு உரியவை. குதிரைப் பாய்ச்சலும் அவதாரமும் அக்காலத்தார் மனத்தைக் காட்டுபவை. இரண்டும் நமக்கு வேண்டும்.

ஆனால், காவியம் அளக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர்! எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடுகற்கள் பல உண்டு. இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்னான் ஆநிரை மீட்டு இறந்தான் என்று இரண்டொரு வரியில் செய்தி முடிந்துவிடும். அவ்வீரனுக்குச் சரித்திரம் எழுத மகள் இல்லை. பரணி பாடப் புலவர் இல்லை. ஊரார் நட்ட கல் ஒன்றே உண்டு.

கேள்வி கேட்ட பையனையும் அவன் தோழர்களையும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லத் தீர்மானித்திருக்கிறோம். பரணியைப் படித்த கண்ணால் அவர்கள் அந்த இரண்டு வரியையும் படிக்கட்டும்.