தாத்தா கண், பேரன் உடம்பு

மிர்ரர்லெஸ் காமிரா வாங்கியதில் பர்ஸ் காலி. புது லென்ஸ் விலை கேட்டால் மயக்கம் வருகிறதா? விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்காரர் யாராவது தெரிந்தால், பரண் மேல் தேடச் சொல்லுங்கள் சார். பழைய பென்டாக்ஸோ ரஷ்ய ஜெனிட்டோ கிடைத்தால் யோகம்.

எப்படிப் பொருந்தும்? திருகி மாட்டும் எம்42 லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 45.46 மி.மீ. வேண்டும். மிர்ரர் இல்லாத சோனி ஒல்லி, 18 மி.மீ.தான். மிச்சத்தை அடாப்டர் என்கிற வெறும் வளையம் நிரப்பிவிடும். 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்று மெனுவில் மாற்றிவிடுங்கள்.

பேரத்துக்கு முன்னால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். துளி தூசி பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. இனாமாகக் கொடுத்தாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். 50 மி.மீ. சூப்பர் டாக்குமார் 1.4 மஞ்சளடித்திருந்தால் பயப்படாதீர்கள். சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி. வெயில் காட்டக் காட்டத் தெளியும். நம்மூரில் வெயிலுக்கா பஞ்சம்?

ஏபிஎஸ்-சி காமிராவில் 50 என்பது 75 மாதிரி. முகம் எடுக்க ஜோர். க்ரூப் போட்டோவில் மாமனார் வெட்டுப்படுவார், ஜாக்கிரதை!

ஃபோகஸ் கையால்தான். முதல் பயிற்சிக்குச் செஞ்சிக் கோட்டை உத்தமம். ராஜகிரி எங்கேயும் ஓடிவிடாது.