நம்ம சாமிகளைப் பற்றிய புத்தகமும் ஹாலே காட்சிக்கூடமும்

ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்கள் லீவு விட்டால் பாரிஸ், சுவிஸ் என்று கிளம்பிவிடுகிறோம். ஹாலே பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்த ஊர் அது. அங்குள்ள ஃபிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அவர் வந்து 300 வருஷம் ஆனதையொட்டி 2006இல் கண்காட்சியும் நடத்தினார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால் இன்னொரு கதையும் உண்டு. சிவன், விஷ்ணு முதல் கிராம தேவதைகள் வரை, உள்ளூர்க்காரர்களிடம் கேட்டறிந்து 1713இல் அவர் ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அச்சிடவில்லை. ‘அஞ்ஞானத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்பவா?’ என்பதுதான் அவர்கள் எண்ணம். கடைசியில் 1867இல் சென்னையில் அச்சேறியது. 154 வருஷம்!

அன்று அச்சிட மறுத்த ஊர்தான் பிறகு கண்காட்சி வைத்தது. மாற்றத்தைப் பாராட்டுவோம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தால் போதாது. சேகரித்தவர் பெயர் நமக்குத் தெரியும். அவருக்குச் சொல்லிக்கொடுத்த தமிழர்கள் யார்? இதைக் கேட்கச் சரியான ஆட்கள் நம்ம பிள்ளைகள்தான். ஜெர்மன் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தமிழையும் நாம் கொடுத்துவிட்டால், கேள்வியை அவர்களே கேட்பார்கள்.