கண்டி மலைக்குப் பெரிய பவுசர் வேண்டாம், நடுவில் தடுத்த தாங்கி போதும்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டித் தீர்த்த மழையில் நாட்டிலேயே மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று கண்டி. மலை சரிந்து வீதிகள் அறுந்தன. பல இடங்களில் குழாய்நீர் நாள்கணக்கில் வரவில்லை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் பிரதான வீதிவரை வரும். அதற்கு மேலே தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டப் பாதைகள் பலவற்றில் அதைத் திருப்ப இடம் கிடையாது. மண்ணை வழித்துத் தள்ள வரும் சிறிய லோடர், ஊர்வாயில் ‘பொப்காட்’, அந்தப் பாதைகளில் ஏறிவிடும். அப்படியானால் அதன் பக்கற்றைக் கழற்றிவிட்டு ஒரு தண்ணீர்த் தாங்கியை மாட்டினால் என்ன என்ற யோசனை எவருக்கும் வரத்தான் செய்யும்.

யோசனை நல்லதுதான். மாட்டப்படும் தாங்கிதான் கவலைக்குரியது.

பொப்காட் மலைக்காகப் பிறந்த இயந்திரம் அல்ல. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் லூயிஸ், சிரில் என்ற கெல்லர் சகோதரர்கள் 1957இல் அதன் முதல் வடிவத்தைச் செய்தது ஒரு வான்கோழிப் பண்ணையாளருக்காக. கொட்டிலின் மேல்மாடியில் ஏற்றும் அளவுக்கு இலேசாக இருக்க வேண்டும், தூண்களுக்கு இடையே நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. அந்தக் குட்டை உடம்பு இன்றும் மாறவில்லை. இவ்வகைச் சக்கர லோடர் எவ்வளவு தூக்கலாம் என்பதைக் கெட்டியான சமதரையில் வைத்தே கணக்கிடுகிறார்கள்: எந்த எடையில் இயந்திரம் முன்னால் கவிழத் தொடங்குகிறதோ அதில் பாதி. சிறிய ரகங்களில் அது பெரும்பாலும் 600 முதல் 900 கிலோவுக்குள் அடங்கும். ஆயிரம் லீற்றர் தண்ணீர் மட்டுமே ஒரு தொன். தாங்கியின் இரும்பு தனி. போதாக்குறைக்கு, பக்கற்றில் கிடக்கும் மண்ணைவிடத் தாங்கியின் பாரம் முன்னே தள்ளி நின்றால் கவிழ்க்கும் விசையும் கூடும். கண்டிச் சரிவுகளில் 500 லீற்றருக்கு மேல் பேச்சே எடுக்கக் கூடாது.

சரிவில் இந்த இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் முதலில் படிக்கும் விதி ஒன்றுண்டு. கனமான பக்கம் எப்போதும் மேட்டை நோக்கியே இருக்க வேண்டும். வெறும் பொப்காட்டில் எஞ்சின் பின்னால் இருப்பதால் பின்பக்கம் கனம். ஆகவே மேட்டில் பின்னோக்கித்தான் ஏற வேண்டும். பக்கற் நிறைய மண் இருந்தால் முன்பக்கம் கனம். நேராக ஏறி, இறங்கும்போது பின்னோக்கி இறங்க வேண்டும். மண்ணில் குழப்பமில்லை, கொட்டும்வரை கனம் மாறாது. தண்ணீர் அப்படியா? தேயிலைக் கன்றுகளுக்கு நீர் விட்டுக்கொண்டோ புழுதிக்குத் தெளித்துக்கொண்டோ போகும் வண்டி, அடிவாரத்தில் முன்கனமாகப் புறப்பட்டு, உச்சிக்குப் போவதற்குள் பின்கனமாகிவிடும். விதி எந்த வளைவில் தலைகீழானது என்பதை ஓட்டுநர் எப்படி அறிவார்? இருக்கையிலிருந்தே தெரிகிற நீர்மட்டக் குழாயும் அதில் ஒரு சிவப்புக் கோடும் போதும். அந்தக் கோடு இல்லாத தாங்கியை மலைக்கு விற்கவே விடக்கூடாது.

ஏற்ற இறக்கத்தைவிடக் கொடியது பக்கச் சாய்வு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கர் தேயிலை போட்ட ஹேவாஹெட்ட மலைகளிலும் சரி, ஹந்தானையிலும் சரி, தோட்டப் பாதைகள் சரிவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு மலையைச் சுற்றிப் போகின்றன. மழையில் வெளிவிளிம்பு கரைந்துவிட்டால் வண்டி பள்ளத்துப் பக்கம் சாயும். அப்போது தாங்கிக்குள் நடப்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.2 மீற்றர் அகலமான பெட்டித் தாங்கி, அதில் 40 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர். வண்டி 15 பாகை சாய்ந்தால் அந்தத் தண்ணீரின் ஈர்ப்பு மையம் பள்ளத்துப் பக்கமாக 8 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். அதே தாங்கியின் நடுவே, வண்டி போகும் திசைக்கு நேராக, ஒரு முழுத் தகட்டை நிறுத்தி இரண்டு அறையாக்கினால் நகர்வு 2 சென்ரிமீற்றர்தான். அறையின் அகலம் பாதியானால் நகர்வு கால்வாசியாகிவிடும். நிரப்பி மூடிய தாங்கியில் நகர்வே இல்லை. நிறைகுடம் தளும்பாது என்பதைப் பீலியில் நீர் பிடித்துச் சுமந்த எந்தத் தோட்டத்துப் பெண்ணும் சொல்வார்.

இது வண்டி அசையாமல் சாய்ந்து நிற்கும்போது உள்ள கணக்கு. ஓடும்போது தண்ணீருக்கும் ஒரு தாளம் உண்டு. அந்த 40 சென்ரிமீற்றர் தண்ணீர் ஒரு பக்கம் போய்த் திரும்பி வர ஏறக்குறைய 1.4 விநாடி ஆகும். பாதையின் குழிகள் அந்தத் தாளத்துக்கு வாய்த்துவிட்டால், ஒவ்வொரு குழியும் அடுத்த மோதலுக்கு வலுச் சேர்க்கும்.

‘எங்கள் தாங்கியிலும் தடுப்பு இருக்கிறதே’ என்று வெல்டிங் பட்டறைக்காரர் சொல்லக்கூடும். இருக்கும். ஆனால் பெரிய பவுசரைப் பார்த்துச் செய்தால் அது குறுக்குவாட்டில் நிற்கும், ஓட்டை போட்ட தகடாகத்தான் அமையும். பிரேக் பிடிக்கும்போது தண்ணீர் முன்னே பாய்வதை அது தணிக்கும், அவ்வளவுதான். பக்கச் சாய்வுக்கு அதனால் பயனில்லை. நீளவாட்டில் வைத்தாலும், ஓட்டை இருந்தால் தண்ணீர் நிதானமாகத் தாழ்ந்த பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். தார் வீதிக்குச் செய்த தாங்கியை அப்படியே சின்னதாக்கினால் மலைக்கான தாங்கி ஆகாது.

தடுப்பில்லாத தண்ணீர் ஒருபக்கம் திரளும் ஆபத்தைக் கப்பல்காரர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அறிந்தும் 1987 மார்ச் 6ஆம் திகதி பெல்ஜியத்தின் சீபுருக்கே துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஹெரல்ட் ஒஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற கப்பலின் முன்கதவு மூடப்படவில்லை. வாகனத் தளம் முழுக்கத் தடுப்பில்லாத ஒரே வெளி. அதில் புகுந்த கடல்நீர் ஒருபக்கமாகத் திரண்டு சில நிமிடங்களில் கப்பலைச் சாய்த்தது. 193 பேர் இறந்தார்கள்.

கண்டிப் பக்கத்துப் பால்காரர்கள் எந்தக் கணக்கும் போடாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள் என்பது வேடிக்கை. பால் ஏற்றும் தாங்கிக்குள் தடுப்பு வைத்தால் மூலைகளைக் கழுவுவது கடினம் என்பதால் உலகெங்கும் அதைத் தவிர்ப்பதுண்டு. அந்த வண்டிகளை ஓட்டுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். ஆனால் இங்கே மலைக் கிராமங்களில் சிறு பண்ணையாளரின் பால் கேன்களில் ஏறிச் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. வரிசையாகக் கட்டிய கேன்கள் இருபது சின்ன அறைகளாகப் பிரித்த தாங்கிக்குச் சமம். அவசரத்துக்குத் தண்ணீரையும் அப்படியே ஏற்றலாம், மூடியை இறுக்கினால்.

மோசமான ஏற்பாடு, வீட்டுக் கூரைக்கென்று செய்த கறுப்பு பிளாஸ்டிக் தாங்கியை லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியிலோ லோடரின் கவட்டிலோ நிறுத்திக் கயிற்றால் கட்டுவது. அது நெட்டை; ஆடாமல் நிற்பதற்காகச் செய்தது; உள்ளே தடுப்பு கிடையாது. தோட்டப் பாதைகளில் உழவு இயந்திரம் புரண்ட செய்தி மலையகத்தில் புதிதும் அல்ல. அப்படிப்பட்ட செய்திகளில் ஓட்டுநரின் கவனயீனம் பேசப்படும், தாங்கியின் வடிவம் பேசப்படாது.

செய்யக்கூடியவர்கள் தூரத்தில் இல்லை. 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு வந்த பொறியியல் பீடம் மகாவலிக் கரையில் இருக்கிறது; விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும் பேராதனையில்தான். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வெல்டிங் பட்டறை படித்துச் செய்யும் அளவுக்கு எளிமையான ஒரு பக்க வரைபடத்தை அவர்கள் தரலாம். பிரதேச சபைகளும் பெருந்தோட்டக் கம்பனிகளும் கேள்விப்பத்திரத்தில் தாங்கியின் கொள்ளளவை மட்டும் எழுதாமல் நீளவாட்டுத் தடுப்பையும் நீர்மட்டக் குழாயையும், எத்தனை பாகைச் சாய்வு வரை போகலாம் என்ற தகட்டையும் கேட்கலாம். சட்டம் வந்தால் இன்னும் நல்லது. சுவீடன் 1959இலேயே புதிய உழவு இயந்திரங்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அதன்பின் புரண்டு சாகும் ஓட்டுநர்களின் தொகை அங்கே வெகுவாகக் குறைந்தது.

செலவு கூடும், பாரம் கூடும் என்பார்கள். 1.5 மீற்றர் நீளம், 80 சென்ரிமீற்றர் உயரம், 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகட்டின் எடை சுமார் 28 கிலோ. தண்ணீரில் அவ்வளவைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும். உண்மையான தொல்லை வேறு: அறை இரண்டானால் மூடியும் இரண்டு, வெளியேறும் குழாயும் இரண்டு. இதற்குச் சோம்பிப்போய் இரண்டு அறைகளையும் அடியில் ஒரு பெரிய குழாயால் இணைக்கும் ஆசை பட்டறையில் எழும். இணைத்தால் தண்ணீர் அதன் வழியே பள்ளத்துப் பக்கம் போய்விடும், தகடு வைத்ததே வீண். இணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் குழாய் ஒடுக்கமாக இருக்கட்டும். நடுவில் ஒரு வால்வும் இருக்கட்டும், வண்டி சமதரையில் நிற்கும்போது மட்டும் திறக்க.